நீராவியும் முகக்கவசமும்: கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

2020-ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் உலகெங்கும் மருத்துவமனைகள் ஒரே நெருக்கடியில் சிக்கின. ஒருமுறை அணிந்துவிட்டு எறிவதற்காகத் தயாரிக்கப்பட்ட முகக்கவசங்களும் மேலங்கிகளும் போதிய அளவில் கிடைக்கவில்லை. பயன்படுத்தியவற்றையே கிருமி நீக்கி மீண்டும் அணியலாமா என்ற கேள்வி எழுந்தது. நீராவி, ஈரமான மிதவெப்பம், உலர் வெப்பம், புற ஊதாக் கதிர், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி என ஒவ்வொரு வழியும் ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டது. அதே நாள்களில் வீடுகளிலும் இந்தக் கேள்வி வேறு வடிவில் கேட்கப்பட்டது. குக்கரில் வைக்கலாமா? இட்லிப் பானையில் வேகவைத்தால் போதுமா? வெயிலில் காயப்போட்டால் சரியாகிவிடுமா?

நெருக்கடி கடந்துவிட்டது. அது எழுப்பிய கேள்வி இன்றும் வகுப்பறைக்கு ஏற்றது. உள்ளுறை வெப்பம், அழுத்தம், நிலைமின்னூட்டம், புரதம், பலபடி, நுண்ணுயிரி என மாணவர்கள் தனித்தனிப் பாடங்களில் படிப்பவை எல்லாம் ஒரு துணித்துண்டில் ஒன்று கூடுகின்றன. இதை நடத்தும் ஆசிரியர் இரண்டு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்கலாம்.

1. கிருமி செத்ததா?
2. பொருள் பிழைத்ததா?

மாணவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுவார்கள். இரண்டாவது கேள்வியையும் கேட்கப் பழகுவதே இப்பாடத்தின் பயன். கிருமி முற்றிலும் ஒழிந்த பிறகும், வடிகட்டும் திறனை இழந்த முகக்கவசம் அணிபவரைக் காக்காது. பார்வைக்கு அது புதியது போலவே இருக்கும் என்பதுதான் ஆபத்து.

மூன்று சொற்கள், மூன்று நிலைகள்

"சுத்தம்" என்ற ஒரே சொல்லால் அன்றாடப் பேச்சில் மூன்று வேறு நிலைகளைக் குறிக்கிறோம். பாடம் தொடங்கும்போதே இவற்றைப் பிரித்துக் காட்டுவது நல்லது.

தூய்மை செய்தல்: அழுக்கு, எண்ணெய்ப் பசை, இரத்தம், வியர்வை போன்றவற்றை நீக்குவது. சோப்பும் நீரும் செய்யும் வேலை இது. கிருமிகளில் பெரும்பகுதி அழுக்கோடு சேர்ந்து போய்விடும், எல்லாம் போய்விடாது.

தொற்றுநீக்கம்: நோய் உண்டாக்கக்கூடிய நுண்ணுயிரிகளில் பெரும்பாலானவற்றை அழிப்பது. கொதிநீர், சலவைத்தூள் கரைசல் போன்றவை இந்த நிலைக்குக் கொண்டுசெல்லும். சில பாக்டீரியாக்களின் அகவித்துகள் அப்போதும் தப்பித்துவிடும்.

முற்றான கிருமிநீக்கம்: அகவித்துகள் உட்பட எல்லா நுண்ணுயிரிகளையும் அழிப்பது. அறுவை அரங்கில் பயன்படும் துணியும் கருவியும் இந்த நிலையில் இருக்க வேண்டும்.

அகவித்து என்பது சில பாக்டீரியாக்கள் கடினமான சூழலைத் தாண்டி வாழ எடுக்கும் உறங்குநிலை வடிவம். அதற்குள் நீர் மிகக் குறைவு, உறைகள் தடிமனானவை. ரண ஜன்னியை உண்டாக்கும் பாக்டீரியம் மண்ணில் இந்த வடிவத்தில்தான் காத்திருக்கிறது. திறந்த காயத்தைத் தொடும் துணியில் ஒரு சில வித்துகள் எஞ்சினாலும் அது நோயாளியின் உயிருக்கு ஆபத்து. எனவேதான் அறுவை அரங்கின் அளவுகோல் இவ்வளவு கடுமையாக உள்ளது.

கொரோனா வைரஸ் இதற்கு நேர்மாறானது. அதன் வெளியுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் குலைத்துவிடும். 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக்கூட அது அதிக நேரம் தாங்காது. ஆகவே வீட்டில் அணியும் துணி முகக்கவசத்துக்குத் தொற்றுநீக்கமே போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த அறிவுரையும் இதையே சொன்னது: துணி முகக்கவசத்தைச் சோப்பிட்டு, இயன்றால் குறைந்தது 60 டிகிரி வெந்நீரில், துவைக்க வேண்டும், வெந்நீர் இல்லாவிட்டால் சாதாரண நீரில் சோப்பிட்டுத் துவைத்த பின் ஒரு நிமிடம் கொதிக்கவைக்கலாம். எந்தக் கிருமி, எந்தப் பொருள், எந்தப் பயன்பாடு என்று பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் ஊர்களில் சலவைத் தொழிலாளர்கள் வைத்த வெள்ளாவியை இந்த இடத்தில் நினைவுகூரலாம். உவர்மண் கரைசலில் நனைத்த துணிகளைப் பானையின் மேல் அடுக்கி, அடியில் நீரைக் கொதிக்கவைத்து, ஆவியிலேயே நெடுநேரம் வேகவிடுவார்கள். உவர்மண்ணின் காரம் எண்ணெய் அழுக்கைப் பிரித்தது. ஆவியின் வெப்பம் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றது. 100 டிகிரியை ஒட்டிய வெப்பம் என்பதால் இது தொற்றுநீக்கம் என்ற நிலையில் வரும். தலைமுறைகளாகக் கைமாறிய இத்தொழிலறிவை வகுப்பில் மதிப்போடு எடுத்துச் சொல்வது, அறிவியல் பாடத்தை மாணவரின் ஊரோடு இணைக்கும்.

ஏன் நீராவி?

இட்லி வெந்துவிட்டதா என்று மூடியைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால் உடனே சுடுகிறது. அதே அளவு வெப்பமுள்ள உலர்ந்த காற்று கையில் பட்டால் அவ்வளவு சுடுவதில்லை. காரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

100 டிகிரியில் உள்ள 1 கிராம் காற்று 30 டிகிரிக்குக் குளிரும்போது ஏறத்தாழ 70 ஜூல் வெப்பத்தைத் தரும். 100 டிகிரியில் உள்ள 1 கிராம் வெந்நீர் 30 டிகிரிக்குக் குளிரும்போது ஏறத்தாழ 294 ஜூல் தரும். 100 டிகிரியில் உள்ள 1 கிராம் நீராவியோ முதலில் நீராக மாறும்போதே 2260 ஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. பிறகு அந்த நீர் குளிரும்போது மேலும் 294 ஜூல் தருகிறது. மொத்தம் ஏறத்தாழ 2550 ஜூல். அதே எடையுள்ள சூடான காற்று தருவதைப் போல் 36 மடங்கு.

இரண்டாவது காரணம் பருமன். 1 கிராம் நீராவி சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 1670 மில்லி லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அது துணியின் இழையில் பட்டு நீரானதும் 1 மில்லி லிட்டராகச் சுருங்கிவிடும். காலியான அந்த இடத்துக்குச் சுற்றியுள்ள நீராவி பாய்ந்து வரும். இவ்வாறு ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்கு ஆவி தானாகவே உள்ளே இழுக்கப்படுகிறது. துணி மூட்டைக்குள் வெப்பத்தைக் கொண்டுசேர்ப்பதில் நீராவிக்கு இணை இல்லாததன் காரணம் இதுவே.

மூன்றாவது காரணம் ஈரம். வெப்பத்தால் கிருமி சாவது அதன் புரதங்கள் திரிந்து உறைவதால். முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கிறோம். பாதியளவு நீர் கலந்த முட்டைப் புரதம் ஏறத்தாழ 56 டிகிரியிலேயே உறையும். நீரே இல்லாமல் உலர்த்திய புரதம் உறைய 160 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவேதான் உலர் வெப்ப அடுப்பில் முற்றான கிருமிநீக்கத்துக்கு 160 டிகிரியில் 2 மணி நேரம் தேவைப்படுகிறது. அழுத்த நீராவியில் 121 டிகிரியில் 15 நிமிடமே போதுமானதாகிறது.

செரிப்பானிலிருந்து ஆட்டோகிளேவ் வரை

1679-இல் பிரெஞ்சு நாட்டவரான டெனிஸ் பாப்பின் இறுக்கமான மூடியும் பாதுகாப்பு வால்வும் கொண்ட பாத்திரம் ஒன்றை உருவாக்கினார். எலும்பையும் மென்மையாக்கும் என்பதால் அதைச் "செரிப்பான்" என்றே அழைத்தனர். இன்றைய குக்கருக்கும் ஆட்டோகிளேவுக்கும் அதுவே மூதாதை. அப்போது அது சமையல் கருவி மட்டுமே. நுண்ணுயிரிகளுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தெரியவர மேலும் இரு நூற்றாண்டுகள் ஆயின.

1876-இல் ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் கோன் கொதிநீரையும் தாங்கும் அகவித்துகளை விவரித்தார். அடுத்த ஆண்டு ஜான் டிண்டால், வைக்கோல் ஊறிய நீரை ஒருமுறை நெடுநேரம் கொதிக்கவைப்பதைவிட, இடைவெளி விட்டுப் பலமுறை கொதிக்கவைத்தால் அது கெடாமல் இருப்பதைக் கண்டார். இடைவெளியில் வித்துகள் முளைத்து சாதாரண பாக்டீரியாக்களாகிவிடும். அடுத்த கொதியில் அவை மடியும். 1879-இல் பாஸ்டரின் உடனாய்வாளர் சார்லஸ் ஷாம்பர்லாந்து, நீரை அழுத்தத்தில் கொதிக்கவைத்து 100 டிகிரியைத் தாண்டும் ஆட்டோகிளேவை உருவாக்கினார்.

1881-இல் ராபர்ட் கோக்கும் அவருடைய உடனாய்வாளர்களும் உலர் வெப்பத்தையும் நீராவியையும் ஒப்பிட்டார்கள். உலர்ந்த சூடான காற்றில் ஆந்த்ராக்ஸ் வித்துகளைக் கொல்ல 140 டிகிரியில் 3 மணி நேரம் பிடித்தது. துணிக் கட்டுகளின் நடுப்பகுதிக்கு அந்த வெப்பம் சரியாகச் சென்று சேரவும் இல்லை. நீராவி அதே வேலையை மிக விரைவில் முடித்தது. 1890-களில் பெர்லின் அறுவை மருத்துவர் கர்ட் ஷிம்மல்புஷ், காயத்துக்கான துணிகளை வைத்து ஆவியூட்டும் உலோக டிரம்மைப் பரவலாக்கினார். ஆவியூட்டும்போது டிரம்மின் துளைகள் திறந்திருக்கும், எடுத்தவுடன் மூடப்படும். 1897-இல் அறுவை மருத்துவர்கள் முகத்தில் துணிக் கவசம் கட்டத் தொடங்கினர். அடுத்த 60 ஆண்டுகளுக்கு மேல் அறுவை முகக்கவசம் என்றால் துவைத்து, ஆவியூட்டி, மீண்டும் கட்டும் பருத்தித் துணிதான். 1960-களுக்குப் பிறகே எறிந்துவிடும் செயற்கையிழைக் கவசங்கள் பரவின.

எதிரி வெப்பக் குறைவு மட்டும் அன்று, காற்றும்தான்

மேலே வெயிட் வைக்கும் குக்கரில் சமைப்பவர்கள், ஆவி நன்றாகச் சீறி வரும்வரை காத்திருந்துதான் வெயிட்டைப் போடுவார்கள். ஏன் என்று மாணவர்களைக் கேட்டால் "அப்படித்தான் செய்ய வேண்டும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தக் காத்திருப்பில் உள்ளே இருந்த காற்று வெளியேற்றப்படுகிறது. ஆட்டோகிளேவின் முதல் விதியும் அதுவே.

வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் ஏறினால், தூய நீராவியின் வெப்பநிலை 121 டிகிரியாக இருக்கும். அதே அழுத்தத்தில் உள்ளிருந்த காற்றில் பாதிதான் வெளியேறியிருந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 112 டிகிரிதான். காற்று சிறிதும் வெளியேறாவிட்டால் 100 டிகிரியைத் தாண்டுவதே அரிது. அழுத்தமானி மூன்று நிலையிலும் ஒரே எண்ணைக் காட்டும்! அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றுடையது என்பதால் இப்படி ஆகிறது. அழுத்தம் அதிகமானால் கிருமி சாகும் என்று பல மாணவர்கள் எண்ணுகிறார்கள். கிருமியைக் கொல்வது ஈரமான வெப்பம். அழுத்தம், நீரின் கொதிநிலையை உயர்த்தித் தரும் துணைவன் மட்டுமே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்பதை மறுதலை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

காற்று நீராவியைவிடக் கனமானது. ஆகவே எளிய ஆட்டோகிளேவில் மேலிருந்து ஆவி நிரம்ப, காற்று கீழ்வழியாகத் தள்ளப்படும். பெரிய மருத்துவமனைகளின் கருவிகளில் முதலில் வெற்றிடமாக்கிக் காற்றை உறிஞ்சிவிட்டுப் பிறகே ஆவியைச் செலுத்துகிறார்கள். காற்று தங்குவதற்கு மிக எளிதான இடம் துணி மூட்டைதான். இதைக் கண்டறிய 1963-இல் பௌவி–டிக் சோதனை அறிமுகமானது. மடித்த துண்டுகளை அடுக்கி, அடுக்கின் நடுவில் வெப்பத்தால் நிறம் மாறும் பட்டை ஒட்டிய தாளை வைத்து ஆவியூட்டுவார்கள். தாளில் ஓரமும் நடுவும் ஒரே சீராக நிறம் மாறியிருந்தால் காற்று முழுமையாக வெளியேறியது. நடுவில் மட்டும் வெளிறியிருந்தால் அங்கே காற்று சிக்கியிருந்தது என்று பொருள்.

ஒரு மேலங்கியின் பயணம்

மீண்டும் பயன்படுத்தும் அறுவை மேலங்கி ஒன்று கழற்றப்பட்டது முதல் மறுபடி அணியப்படும் வரை கடக்கும் படிகளை வரிசையாகப் பார்ப்போம். ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. காரணத்தை மாணவர்களையே ஊகிக்கச் சொல்லலாம்.

முதல் படி, துவைத்தல். இரத்தம் பட்ட துணியை நேராகச் சூட்டில் வைத்தால் புரதம் உறைந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலம் கிருமிக்குப் போர்வையாகும். எனவே குளிர்ந்த நீரில் அலசிய பிறகே சூடான சலவை. பிரிட்டனின் மருத்துவமனைச் சலவை நெறிகள் 71 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் என்று வரையறுக்கின்றன.

இரண்டாம் படி, பரிசோதித்தல். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கிழிசலும் துளையும் உள்ளனவா என்று பார்ப்பது. நம் இரண்டாவது கேள்வி கேட்கப்படும் இடம் இதுதான்.

மூன்றாம் படி, மடித்துச் சுற்றுதல். ஆவி புகும்படி தளர்வாக மடித்து, ஆவியை விட்டுக் கிருமியைத் தடுக்கும் உறையில் பொதிவார்கள். கருவியில் பொதிகளைத் திணிக்காமல் இடைவெளி விட்டு நிறுத்தி வைப்பார்கள்.

நான்காம் படி, ஆவியூட்டல். காற்று ஆவியால் தள்ளப்படும் எளிய கருவியில் துணிப் பொதிக்கு 121 டிகிரியில் 30 நிமிடம். வெற்றிட முறையில் 132 டிகிரியில் 4 நிமிடம். கடிகாரம் ஓடத் தொடங்குவது அடுப்பை மூட்டிய நேரத்திலிருந்து அன்று, உரிய வெப்பநிலையை எட்டிய கணத்திலிருந்து.

ஐந்தாம் படி, உலர்த்தல். பொதி ஈரமாக வெளியே வந்தால் அது கிருமியற்றதாகக் கருதப்படாது. ஈரத் துணியின் வழியே நீர் ஏறுவது போல, வெளியிலுள்ள பாக்டீரியாக்களும் உள்ளே நகர்ந்துவிடும். சாதாரணப் பருத்தி மேலங்கி நனைந்தால் தடுப்பாற்றலை இழப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆறாம் படி, சரிபார்த்தல். பொதியின் மேல் ஒட்டிய பட்டையில் கோடுகள் கறுத்திருக்கும். அது வருகைப் பதிவேடு போன்றது. மாணவர் வகுப்புக்கு வந்தார் என்று சொல்லும். பாடம் புரிந்ததா என்று சொல்லாது. பொதி சூட்டுக்குள் போய்வந்தது என்பதற்கு மட்டுமே அந்தப் பட்டை சான்று. உண்மையான தேர்வு வேறு: வெப்பத்தை மிக நன்றாகத் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியத்தின் வித்துகளைப் பொதிகளோடு வைத்து ஆவியூட்டி, பிறகு வளர்ப்பு ஊடகத்தில் அவை முளைக்கின்றனவா என்று பார்ப்பார்கள். முளைக்காவிட்டால் தேர்ச்சி.

முகக்கவசம் ஏன் இதே வழியில் போகக் கூடாது?

பருத்தி மேலங்கி இந்தப் பயணத்தைப் பலமுறை தாங்கும். என்95 முகக்கவசத்தின் கதை வேறு. அதன் நடு அடுக்கு, உருக்கி ஊதிய பாலிபுரொப்பிலீன் இழைகளால் ஆனது. 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுப்பதால் அந்தப் பெயர். இழைகளுக்கு இடையே உள்ள வெளிகள் இத்துகளைவிடப் பெரியவை. மாவு சலிக்கும் சல்லடை போல அது வேலை செய்வதில்லை. இழைகளில் நிலையான மின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கிறது. கடந்து செல்லும் நுண்துகளை அது இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மூச்சு விடவும் எளிதாக இருந்து, துகளையும் தடுக்க முடிவது இதனால்தான். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, தைவானில் பிறந்த பீட்டர் சாய், இவ்வாறு மின்னூட்டம் ஏற்றும் முறைகளை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர். ஓய்வு பெற்றிருந்த அவர், 2020-இல் முகக்கவசங்களை மறுபடி பயன்படுத்தும் வழிகளைத் தேடி மீண்டும் ஆய்வில் இறங்கினார்.

2020-இல் நடந்த சோதனைகளின் முடிவுகள் சிந்திக்கத்தக்கவை. ஆல்கஹாலில் நனைத்து உலர்த்திய வடிகட்டித் துணியில் கிருமி இல்லை. ஆனால் 95 விழுக்காட்டுக்கு மேல் இருந்த வடிகட்டும் திறன் 60-க்கும் கீழே போனது. மின்னூட்டம் அழிந்துவிட்டது. கொதிநீரின் ஆவியில் சில முறை காட்டிய துணி தொடக்கத்தில் தாங்கியது; மீண்டும் மீண்டும் காட்டியபோது திறன் இறங்கியது. இழைகளில் படியும் நீர்த்துளிகள் மின்னூட்டத்தைக் குறைப்பதே இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். 85 டிகிரிக்கு மேற்படாத மிதமான வெப்பத்தைப் பலமுறை தாங்கியது. 121 டிகிரி ஆட்டோகிளேவில் வைத்தபோது, துணி அடுக்குகளாக மடிக்கப்பட்ட சில வகைகள் தாங்கின. அச்சில் வார்த்துக் கிண்ண வடிவில் செய்யப்பட்டவை உருக்குலைந்து முகத்தில் சரியாகப் பொருந்தாமல் போயின. விளிம்பில் கசிவு இருந்தால் நடுவில் எவ்வளவு நல்ல வடிகட்டி இருந்தும் பயன் இல்லை.

எனவே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், மிதமான ஈர வெப்பம், புற ஊதாக் கதிர், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி ஆகியவற்றை நம்பிக்கை தரும் வழிகளாகச் சொன்னது. ஆட்டோகிளேவ், உலர் வெப்பம், ஆல்கஹால், சோப்பு ஆகியவற்றைப் பரிந்துரைக்கவில்லை. நம்பிக்கை தரும் வழிகளும் தட்டுப்பாட்டுக் காலத்துக்கான தற்காலிக ஏற்பாடு என்றே கூறப்பட்டது. போதிய கவசங்கள் கிடைக்கத் தொடங்கியதும், 2021 ஜூன் இறுதியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்த அவசர அனுமதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அறுவைத் துணிக்கு மிகச் சிறந்த முறை, இந்த முகக்கவசத்துக்கு ஏற்றதாக இல்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்டதால்தான் இது தெரியவந்தது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: ஆவி எட்டும் நேரம் (6 முதல் 10-ஆம் வகுப்பு வரை). அடுப்பும் கொதிநீரும் ஆசிரியர் பொறுப்பில் மட்டும் இருக்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்க. சிறு அலுமினியத் தாளில் பொதிந்த மெழுகுத் துண்டை ஒவ்வொன்றின் நடுவிலும் வைக்கவும். ஒன்றை இறுக்கமாகச் சுருட்டிக் கயிற்றால் கட்டவும். மற்றொன்றைத் தளர்வாக மடிக்கவும். இரண்டையும் இட்லித் தட்டில் வைத்து 3 நிமிடம் ஆவியூட்டி, அடுப்பை அணைத்து, ஆறிய பின் பிரித்துப் பார்க்கவும். மெழுகு உருகியிருக்கிறதா? 5, 8 நிமிடங்களுக்கும் செய்து அட்டவணைப்படுத்தவும். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடாமல், மாணவர்களை முதலில் ஊகித்து எழுதச் சொல்லவும். பௌவி–டிக் சோதனையின் கருத்து இதில் அடங்கியிருக்கிறது.

செயல்பாடு 2: காணாமல் போகும் மின்னூட்டம் (4 முதல் 8-ஆம் வகுப்பு வரை). பிளாஸ்டிக் அளவுகோலைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கச் செய்யவும். பிறகு அதை நீரில் நனைத்துத் துடைத்து, தேய்க்காமலே மீண்டும் முயலவும். அளவுகோல் பார்வைக்கு மாறவில்லை. அதன் ஆற்றல் போய்விட்டது. முகக்கவச இழையின் மின்னூட்டம் இதைவிட உறுதியாகப் பதிந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லவும்.

செயல்பாடு 3: முதலுதவிப் பெட்டி ஆய்வு (எல்லா வகுப்புகளும்). பள்ளியின் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிருமிநீக்கம் செய்தது என்று அச்சிட்ட காஸ் துணி உறைகள் உள்ளனவா? உறை கிழிந்தோ நனைந்தோ இருக்கிறதா? காலாவதித் தேதி தாண்டிவிட்டதா? கிழிந்த உறைக்குள் இருப்பது வெறும் துணிதான். மாணவர் குழு ஒன்று மாதம் ஒருமுறை இதைச் சரிபார்த்து, மாற்ற வேண்டியவற்றைத் தலைமையாசிரியரிடம் பட்டியலிட்டுத் தரலாம்.

ஒரு எச்சரிக்கையையும் வகுப்பில் சொல்லிவிட வேண்டும். வீட்டுக் குக்கர் மருத்துவக் கருவி அன்று. அதில் துணியையோ முகக்கவசத்தையோ வைத்தால் ஆவி வெளியேறும் துளை அடைபட்டு விபத்து நேரலாம். எறிந்துவிட வேண்டிய முகக்கவசத்தை எறிந்துவிடுவதே பாதுகாப்பு. துணிக் கவசத்துக்குச் சோப்பும் வெந்நீரும் நன்றாக உலர்த்துவதும் போதும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. இரண்டு ஆட்டோகிளேவ்களின் அழுத்தமானிகள் ஒரே அளவைக் காட்டுகின்றன. ஒன்றில் உள்ள துணி மட்டுமே கிருமியற்றதாக ஆனது. காரணம் என்னவாக இருக்கலாம்?
2. மலைப்பகுதிப் பள்ளி ஒன்றில் துணியைக் கொதிக்கவைத்துத் தொற்றுநீக்கம் செய்ய விரும்புகிறார்கள். சமவெளியில் செய்வதிலிருந்து எதை மாற்ற வேண்டும்? ஏன்?
3. "வெயிலில் நன்றாகக் காய்ந்துவிட்டது, இனிக் கிருமி இருக்காது" என்று ஒருவர் சொல்கிறார். தூய்மை, தொற்றுநீக்கம், முற்றான கிருமிநீக்கம் என்ற சொற்களைப் பயன்படுத்தி அவருக்கு விடை கூறுக.
4. பொதியின் பட்டை கறுத்திருக்கிறது. உறை ஈரமாக இருக்கிறது. செவிலியர் அதை அறுவை அரங்குக்கு அனுப்பலாமா?
5. உங்கள் வீட்டில் அடிக்கடி சூடாக்கியோ கழுவியோ மீண்டும் பயன்படுத்தும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு நம் இரண்டு கேள்விகளையும் கேட்டு, விடைகளை எழுதி வாருங்கள்.

ஐந்தாம் வினாவுக்கு மாணவர்கள் கொண்டுவரும் விடைகள் பலவகையாக இருக்கும்: குழந்தையின் பால்புட்டி, சமையலறைக் கைப்பிடித் துணி, தண்ணீர் பாட்டில். ஒவ்வொன்றிலும் "கிருமி செத்ததா?" என்பதோடு "பொருள் பிழைத்ததா?" என்று அவர்கள் தாமாகவே கேட்டிருந்தால், பாடம் சென்று சேர்ந்துவிட்டது என்று ஆசிரியர் நிறைவு கொள்ளலாம்.